பாவு விரித்த தெருவுக்குள் ஒரு கப்பல்

பட்டுப் பாவு விரித்திருக்கும் தெருவுக்குள் பஸ் எப்படி வரும்? பாவைச் சுருட்டினால் வரும். ஆனால் பஸ்ஸில் வருகிறவர்கள் அந்தப் பாவைப் பார்க்கத்தான் வருகிறார்கள். சுருட்டிய பிறகு எதைப் பார்ப்பார்கள்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருந்த சபாபதி இந்தக் கணக்கை எந்தப் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தும் விடை வரவில்லை. பஸ் வந்தால் பாவு இல்லை. பாவு இருந்தால் பஸ் இல்லை. இரண்டும் ஒரே வேளையில் ஒரே தெருவில் இருந்தாக வேண்டும் என்று ஒரு கமிட்டி முடிவு செய்திருந்தது.

பாவு என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். புடவையில் நீளவாக்கில் ஓடும் இழைகள் எல்லாம் சேர்ந்தது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடையைத் தறியில் உட்கார்ந்தபடியே, நூல் சுற்றிய கட்டையான நாடாவை எறிந்து கோத்துக்கொள்ளலாம். பாவு அப்படியில்லை. மூன்று புடவைக்கான ஆயிரக்கணக்கான இழைகளையும் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நீவிவிட்டுக் காயவைக்க வேண்டும். இதை வீட்டுக்குள் செய்ய முடியாது. அவ்வளவு நீளமான வீடு கட்டக்கூடியவர் எவரும் நெசவுக்கு வருவதில்லை. ஆகவே தெருவில் செய்கிறார்கள். இரண்டு முனையிலும் கவட்டைபோல விரிந்த மூங்கில் கவை நட்டு, இடுப்பு உயரத்தில் பாவை விரித்தால், தெருவின் நடுவில் ஒரு நிறம் நீளப் படுத்திருப்பது போலத் தெரியும்.

இதற்கு வெயிலும் அளவாக வேண்டும். பனி விலகாவிட்டால் காயாது. வெயில் ஏறிவிட்டால் இழை முறுகிவிடும். பனிக்காலத்தில் இரண்டுக்கும் நடுவே காலையில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். கஞ்சி ஈரத்தோடு சுருட்டினால் இழைகள் அடையாக ஒட்டிக்கொள்ளும். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியதுதான். தெருவில் ஒரு நேரத்துக்கு ஒரு பாவுக்குத்தான் இடம் என்பதால் வீடுகளுக்குள் முறை வைத்துக்கொண்டிருந்தார்கள். முறையைத் தவறவிட்டவர் கடைசி வீட்டுக்கும் பின்னால் போய்க் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது கப்பல். இது சரக்குக் கப்பல் இல்லை. ஊருக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் கப்பலும் இல்லை. எங்கும் போக வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் ஏறிக்கொள்ளும் கப்பல். இரவெல்லாம் ஓடும், விடிந்தால் ஏதாவது ஒரு துறைமுகத்தில் நிற்கும். பயணிகள் இறங்கி, அந்த நாட்டைப் பார்த்து முடித்துவிட்டு, இருட்டுவதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். இதற்குக் கரையுலா என்று பெயர். பினாங்கில் பாம்புக் கோயில், கொழும்பில் யானை, மதராஸில் காஞ்சிபுரம். மதராஸ் துறைமுகத்தில் பஸ் ஏறினால் காலையில் காஞ்சிபுரத்துக் கோயிலும் நெசவும், மதியம் மகாபலிபுரத்துக் கடற்கரை, மாலையில் கப்பல். நெசவுக்கு ஒதுக்கியிருந்தது நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷம், பனி விலகி வெயில் ஏறாமல் இருக்கும் அதே வேளையில் வந்து விழுந்தது.

இந்த ஏற்பாட்டை நடத்துவதற்காக அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு குழு ஏற்பட்டது. கப்பல் விருந்தினர் கரையுலா வரவேற்புக் குழு என்பது அதன் பெயர். தலைவர் கோதண்டபாணி, வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருந்தவர். பதவியேற்ற அன்றே ஒரு வெள்ளைத் தொப்பி தைத்துக்கொண்டார். முன்பக்கம் ஜரிகையில் நங்கூரம் போட்டிருந்தது.

"காஞ்சிபுரத்துக்குக் கடல் இல்லை என்று சிலர் சொல்லுகிறார்கள்," என்றார் முதல் கூட்டத்தில். "கடல் இல்லாமல் ஒரு துறைமுகத்தை நடத்திக் காட்டுவதுதான் நமது சாதனையாக இருக்கப்போகிறது. கடல் இருந்தால் எவன் வேண்டுமானாலும் நடத்துவான்."

செயலாளர் ராஜகோபால்தான் வேலைகளைக் கவனித்தார். மாதிரி நெசவாளராகச் சபாபதியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

"என்னை எதுக்கு சார்? எங்க தெருவுல என்னைவிட நல்லா நெய்யறவங்க இருக்கறாங்களே," என்றார் சபாபதி.

"நெசவை யாருப்பா பார்த்தது? பஸ் தெருவுக்குள்ள வந்து நின்னா, பஸ் வாசல் உங்க வீட்டு வாசலுக்கு நேரா வருது. வேற எந்த வீட்டுக்கும் அந்தத் தகுதி இல்லை."

சபாபதிக்குப் பெருமைப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி நீலாம்பாளிடம் சொன்னார்.

"பஸ் எப்ப வருதாம்?" என்று கேட்டாள் நீலாம்பாள்.

சபாபதி சொன்னார்.

"அன்னிக்குத்தான நம்ம முறை? பாவு?"

அந்தப் பாவு சாதாரணப் பாவு இல்லை. நீலாம்பாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவனுடைய தறியில் பக்கத்து நாடா போட்டுக்கொண்டிருந்தாள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று நெய்யும்போது கரைக்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவள். ஊரில் யார் யார் கல்யாணத்துக்கோ அவள் கைபட்ட பட்டு போயிருக்கிறது. அவளிடம் இருந்ததெல்லாம் நூல் புடவை. மாசி மாதம் வாலாஜாபாத்தில் அவள் தம்பி குமாரவேலுக்குக் கல்யாணம். இந்தப் பாவில் இரண்டு புடவை, நூல் கொடுத்த நெசவாளர் சங்கத்துக்கு, மூன்றாவது நீலாம்பாளுக்கு. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. சாயம் போடும்போது கூடவே நின்று நிறத்தைப் பார்த்து எடுத்தவள் அவள்.

"அக்காகாரி நூல் பொடவ கட்டிக்கினு போய் நின்னா பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க? பட்டு நெய்யறவ ஒடம்புல பட்டு இல்லன்னு சிரிப்பாங்க. இந்தப் பாவு தறி ஏறணும். ஏறலன்னா நான் கல்யாணத்துக்கே போவல. உங்க கப்பல்காரங்களையே கூட்டிக்கினு நீங்க போய்ட்டு வாங்க."

முதல் கப்பல் கார்த்திகைக் கடைசியில் வந்தது. சபாபதியும் நீலாம்பாளும் பாவை விரித்துக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. முன்னால் சைக்கிளில் வந்த கமிட்டி ஆட்கள் கத்தினார்கள்: "சுருட்டு, சுருட்டு! வெளிநாட்டு மானம் போவுது!"

ஈரப்பாவு சுருட்டப்பட்டது. பஸ் உள்ளே வந்து, வாசலுக்கு வாசல் பொருந்தி நின்றது. ராஜகோபால் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"சீமான்களே, சீமாட்டிகளே, இந்தத் தெருவில் சற்று முன்புவரை ஒரு பட்டுப் பாவு இருந்தது. இதோ, அது இருந்த இடம்."

பயணிகள் அது இருந்த இடத்தைப் படம் எடுத்தார்கள். ஒருவர் மூங்கில் கவையை இரண்டு கோணத்தில் எடுத்தார். பிறகு ஆறடி நடந்து சபாபதியின் வீட்டுக்குள் போய், பாவு ஏறாத வெறும் தறியைப் பார்த்தார்கள். ராஜகோபால் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: தறியின் மரவேலை தெளிவாகத் தெரிவதற்காகவே இழைகள் நீக்கப்பட்டிருக்கின்றன.

பஸ் போன பிறகு நீலாம்பாள் பாவைப் பிரித்தாள். அடையாக இருந்தது. மார்கழி பிறந்தும் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

கமிட்டி கூடியது. மாதிரி நெசவாளர் என்ற முறையில் சபாபதியையும் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலி மட்டும் இல்லை. அவர் தன் சந்தேகத்தைக் கேட்டார்.

"சார், தப்பா நெனக்காதீங்க. பஸ்ஸைத் தெருமுனையிலயே நிறுத்திட்டா அவங்க நடந்து வர மாட்டாங்களா?"

ராஜகோபால் பொறுமையாக எழுந்தார்.

"கரையுலாவின் அடிப்படைத் தத்துவம் ஆசனத்திலிருந்து ஆசனத்துக்கு. கப்பலில் ஆசனம், பஸ்ஸில் ஆசனம், மறுபடி கப்பலில் ஆசனம். நடுவில் தரை என்பது தவிர்க்க முடியாத ஓர் இடைஞ்சல். அதைக் குறைத்துக் கொடுப்பதுதான் நம் கடமை. உலகத்தில் எந்த நல்ல துறைமுகமும் விருந்தாளியை நடக்கவைத்துப் பேர் வாங்கியதில்லை."

"கோயில்ல பிராகாரம் முழுக்கச் செருப்பில்லாம நடந்து சுத்தறாங்களே சார்?"

"கோயிலில் சுற்றுவது தரிசனம். தெருவில் நடப்பது நடை. இரண்டும் வேறு வேறு தலைப்பு. ஒன்றுக்குள் ஒன்றைக் கொண்டுவராதீர்கள்."

சபாபதிக்கு அது நியாயமாகவே பட்டது. அடுத்த வீட்டுத் துரைக்கண்ணுவும் அதையே வேறு விதமாகக் கேள்விப்பட்டிருந்தார். "கப்பல்லயே கெடந்து கெடந்து அவங்களுக்குத் தரை ஒத்துக்காதாம்பா. ஆடாத எடத்துல நின்னா மயக்கம் வருமாம்."

கமிட்டி வேறு வழி கண்டுபிடித்தது. பஸ் கீழே வரட்டும், பாவு மேலே போகட்டும். இரண்டாவது கப்பலுக்கு, இரண்டு பக்கத்து ஓட்டுக் கூரைகளிலும் ஆட்கள் ஏறி, நீண்ட மூங்கில்களில் பாவை உயரத் தூக்கிப் பிடித்தார்கள். பஸ் அதன் அடியில் மெதுவாக நுழைந்தது. ஜன்னலிலிருந்து பார்த்த பயணிகளுக்கு இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர் தெரிந்தது. தலைக்கு மேல் பஸ்ஸின் தகரக் கூரை தெரிந்தது. பாவு தெரியவில்லை. கஞ்சி மட்டும் முன் கண்ணாடியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"விருந்தாளி வந்தால் அரிசிக் கஞ்சி தெளித்து வரவேற்பது இவ்வூர் மரபு," என்றார் ராஜகோபால் ஒலிபெருக்கியில்.

டிரைவர் தேவசகாயம் கண்ணாடி துடைப்பானைப் போட்டார். அது கஞ்சியைக் கண்ணாடி முழுக்கப் பூசிவிட்டது. "நல்ல மரபு சார். எனக்கு ரோடு தெரியல," என்றார்.

கூரையில் ஒருவருக்குக் கை கடுத்தது. அவர் பக்கம் தளர்ந்தது. பாவின் ஒரு பாதி இறுகியும் ஒரு பாதி தொங்கியும் காய்ந்தது. அப்படிக் காய்ந்த பாவைத் தறியில் ஏற்றினால் புடவை ஒரு பக்கம் சுருக்கு விழும். திரும்பவும் நனைக்க வேண்டும், திரும்பவும் கஞ்சி, திரும்பவும் முறைக்குக் காத்திருக்க வேண்டும். நீலாம்பாள் கூரையில் நின்றவரைப் பார்த்து, "பொடவைக்கு வெச்ச பாவ, கொடி கட்டறதுக்குக் குடுத்துட்டேன்னு சொன்னேனா?" என்று கேட்டாள். அவர் கடுத்த கையை நீவிக்கொண்டார். அவர் கமிட்டியில் இல்லை.

மூன்றாவது கப்பலுக்கு மாதிரிப் பாவு தயாராயிற்று. தென்னங்கயிறுகளை அரக்குச் சாயத்தில் முக்கித் தெருவின் நீளத்துக்கும் தரையோடு தரையாகப் பரப்பினார்கள். அதன் மேல் பஸ் ஏறலாம்; பின்னால் வரும் பஸ்ஸும் ஏறலாம். "பட்டுக்கு இருக்கிற ஒரே குறை, அது பஸ்ஸைத் தாங்காது என்பது. அந்தக் குறையை நீக்கியிருக்கிறோம்," என்றார் கோதண்டபாணி, தொப்பியைச் சரிசெய்தபடி.

அன்று காலை சபாபதியும் நீலாம்பாளும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கயிற்றுக்குக் கஞ்சி தடவினார்கள். சிரிக்கக்கூடாது என்று உத்தரவு. நிஜப் பாவு உள்ளே மூட்டையில் கிடந்தது. வாசலுக்கு வந்த இரண்டு ஆடுகள் கஞ்சியை நக்கிக்கொண்டே போயின. ஒரு பயணி, இந்த வகைப் புடவை ஒன்று என்ன எடை இருக்கும் என்று கேட்டார்.

"இது குளிர்காலத்துக்கு உரியது," என்றார் ராஜகோபால்.

நீலாம்பாள் சபாபதியின் காதருகே, "இந்தக் கயித்த நெய்ஞ்சி உங்க கமிட்டித் தலைவருக்குக் கட்டி வுடுங்க. கப்பல இழுக்கச் சொல்லுங்க," என்றாள். சபாபதி உத்தரவை மீறிவிட்டார். அவர் சிரித்தது நான்கு நாட்டுக்காரர்களின் படங்களில் பதிவாகிவிட்டது.

தை பிறந்தது. குமாரவேல் அக்காவைக் கல்யாணத்துக்கு அழைக்க வந்து போனான். அவன் போனதும் நீலாம்பாள் விரல் விட்டு எண்ணினாள். பாவு தறி ஏறி, இழை பிணைத்து, இருவரும் இடைவிடாமல் உட்கார்ந்தால் சங்கத்துப் புடவைக்கு முன்னால் தன் புடவையை அறுத்து எடுத்துவிடலாம். ஆனால் தெருவில் இன்னும் ஒரு முறைதான் கிடைக்கும். அது தவறினால் மாசி போய்விடும்.

"எந்த நாளு?" என்று சபாபதி கேட்டார்.

"செவ்வாக்கெழமை. கப்பல் புதன்கெழமதான?"

"ஆமா, புதன்."

"நிச்சயமா?"

"கமிட்டியே சொல்லிச்சி."

"அதான் கேக்கறேன்."

கமிட்டிக்கு இந்த முறை பெரிய வேலை இருந்தது. நிரந்தரத் தீர்வு கண்டுவிட்டார்கள். ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில், பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றை அப்படியே இன்னொரு முறை கட்டுவது. பஸ் போக இடம் விட்டு, வீடுகளைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். அடிக்கல் நாட்டுவிழாவில் கோதண்டபாணி பேசினார்:

"பழைய தெருவில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. அது நெய்கிறவர்களுக்காகக் கட்டப்பட்டது. இந்தத் தெரு பார்க்கிறவர்களுக்காகக் கட்டப்படுகிறது. இங்கே எவரும் குடியிருக்கப் போவதில்லை. ஆகையால் எந்த இடைஞ்சலும் வராது."

புதுத் தெரு எழும்பும் வரை கப்பல் நாட்களில் பழைய தெருவில் பாவே கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

கப்பலுக்கு அந்தத் தீர்மானம் தெரியாது. கொழும்பில் அலை அதிகமாக இருந்ததால் அங்கே நிற்காமல், யானையை விட்டுவிட்டு, ஒருநாள் முன்னதாகவே மதராஸுக்கு வந்து சேர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை. பனி விலகிக்கொண்டிருந்தது. மாம்பழ மஞ்சள் தெருவின் நடுவில் இழுத்துக் கட்டியிருந்தது. கஞ்சி தடவி முடித்து நீலாம்பாள் ஒரு முனையிலிருந்து நீவிக்கொண்டு வந்தாள். அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது.

தேவசகாயம் பிரேக் போட்டார். ராஜகோபால் பஸ்ஸின் முன்வாசல் படியில் வந்து நின்றார்.

"சபாபதி! சுருட்டுங்க!"

"சார், நாளைக்குன்னுதான சொன்னீங்க?"

"கடல் நம்ம கட்டுப்பாட்டுல இல்லை. தெரு இருக்கு. சுருட்டுங்க."

சபாபதியின் கை கவைப் பக்கம் போனது. நீலாம்பாள் பஸ்ஸுக்கும் பாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். கையில் கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது.

"கய்ய எடுங்க அங்கேருந்து," என்றாள் கணவனிடம். பிறகு படியைப் பார்த்து, "இது காயட்டும் சார். காஞ்சப்புறம் உங்க பஸ் வரட்டும், கப்பலே வரட்டும், நான் வேணான்னு சொல்லல," என்றாள்.

"அம்மா, நாற்பது நிமிஷம்தான் இருக்கு. உள்ள இருக்கறவங்க யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. என் தம்பி கல்யாணத்துக்கு வர்றவங்கள தெரியும்."

"தேவசகாயம், வண்டியை எடு. நகருவாங்க."

"நான் எடுக்க மாட்டேன் சார். எனக்கும் அக்கா இருக்குது," என்று தேவசகாயம் இன்ஜினை நிறுத்திவிட்டார்.

இன்ஜின் நின்றதும் தெரு ரொம்ப அமைதியாயிற்று. ராஜகோபாலுக்கு அமைதி பழக்கமில்லை. படியில் நின்றபடியே பேசத் தொடங்கினார். கரையுலாவின் தத்துவம், ஆசனத்திலிருந்து ஆசனம், துறைமுகங்களின் கௌரவம், ஓரிக்கையில் எழும்பப்போகும் தெரு, ஒரு தனிப்பட்ட புடவைக்கும் நாட்டின் நன்மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். தமிழில் பேசியதால் பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த பஸ்ஸுக்குப் பின்னாலும் ஒரு வாசல் உண்டு. பெரிய ஓலைத் தொப்பி போட்ட ஒரு கிழவி எழுந்து அதைத் திறந்து இறங்கினாள். தரையில் நின்றாள். மயக்கம் வரவில்லை. நடந்தாள். அவளைப் பார்த்து இன்னொருவர், பிறகு ஒரு தம்பதி, பிறகு எல்லோரும்.

பாவின் இரண்டு பக்கமும் வரிசையாக நடந்து வந்தார்கள். தொடவில்லை, குனிந்து குனிந்து பார்த்தார்கள். நீலாம்பாளுக்கு அவர்களிடம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் நீவத் தொடங்கினாள். ஓலைத் தொப்பிக்காரி எதிர்ப் பக்கத்தில் அவள் கூடவே நடந்து, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு இழையை விரலால் காட்டினாள்.

"ஆமாம்மா, பாத்தேன் பாத்தேன்," என்று சொல்லிக்கொண்டே நீலாம்பாள் அதைப் பிரித்துவிட்டாள்.

துரைக்கண்ணு வாசலில் நின்று, "விழுந்தா புடிக்கலாம்னு நிக்கறேன், ஒருத்தரும் விழ மாட்டேங்கறாங்களே," என்றார்.

ராஜகோபால் பேச்சை முடித்துவிட்டு, ஒலிபெருக்கியை எடுத்து, பஸ்ஸின் உள்பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் அறிவித்தார்: தவிர்க்க முடியாத காரணத்தால் இன்று நெசவுக் காட்சி ரத்து, யாரும் ஆசனத்தை விட்டு எழ வேண்டாம்.

"யாரும் எழல சார்," என்றார் தேவசகாயம். "வண்டில நீங்களும் நானும்தான் இருக்கறோம்."

பயணிகள் திரும்பியபோது பாவு காய்ந்திருந்தது. நாற்பது நிமிஷம் போதவில்லை என்று சொன்னார்கள். அன்று மகாபலிபுரத்தில் கடற்கரைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். கடல் அங்கேயே இருந்தது.

பாவு தறி ஏறியது. நீலாம்பாளின் புடவை முதலில் வந்தது. மாசி மாதம் வாலாஜாபாத்தில் அவள் மாம்பழ மஞ்சளில் போய் இறங்கியபோது, பெண் வீட்டார் மணப்பெண்ணின் புடவையை விட்டுவிட்டு இவளுடையதைத் தொட்டுப் பார்த்தார்கள். "எந்தக் கடைல எடுத்தீங்க?" என்று கேட்டார்கள். "தெருவுல எடுத்தேன்," என்றாள்.

வருஷக் கடைசியில் கமிட்டி கூடியது. கோதண்டபாணி நீண்ட உரை நிகழ்த்தினார். "பாதங்களைப் பயன்படுத்தி இடம் பெயர்தல் என்ற புதிய முறையை உலகத் துறைமுகங்களிலேயே முதன்முதலாக நமது குழு ஆராய்ந்து, மூன்று கப்பல்களில் சோதித்து, நான்காவது கப்பலில் வெற்றி கண்டிருக்கிறது," என்றார். ராஜகோபால் வழிமொழிந்தார். ஓரிக்கைத் தெருவின் அடிக்கல் அதற்குள் மணலுக்குள் பாதி இறங்கியிருந்ததால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதன் பிறகு கப்பல் வரும் நாட்களில் பஸ் தெருமுனையிலேயே நிற்கிறது. வந்தவர்கள் இறங்கி நடந்து வருகிறார்கள். பாவு காய்கிறது.